மூட்டுவாத மருந்து ஆராய்ச்சியை நாமளே படிச்சுப் புரிஞ்சுக்கறது எப்படி

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), லூபஸ் (நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்கற வியாதி), ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டு வீக்கம்) மாதிரி வருஷக்கணக்குல கூடவே வர்ற வியாதி வீட்ல ஒருத்தருக்கு இருந்தா, இன்னொருத்தர் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி போன்ல அதைப் பத்தித் தேடிக்கிட்டே இருப்பாங்க. அப்படித் தேடறப்ப கண்டிப்பா ஒரு செய்தி மாட்டும், "புது மருந்து, 60 சதவீதம் பேருக்கு முன்னேற்றம்"னு. படிச்ச உடனே டாக்டர் ஏன் இதை நமக்கு எழுதலன்னு கோவம் வரும், இல்ல சைட் எஃபெக்ட் பத்தி ஒரு வரி இருந்தா இப்ப சாப்பிடற மாத்திரையையே நிறுத்திடலாமான்னு பயம் வரும். ரெண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். அந்த 60ங்கற நம்பர் எதோட ஒப்பிட்டு வந்தது, யாரை வெச்சு வந்தது, எதை அளந்து வந்தது, எவ்வளவு நாள் பாத்து வந்தது, இந்த நாலும் தெரியற வரைக்கும் அது நம்மளைப் பத்தின நம்பரே கிடையாது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு தேவையில்ல, கொஞ்சம் பொறுமையும் பேப்பர்ல எந்த இடத்தைப் பாக்கணும்னு தெரிஞ்சிருக்கறதும் போதும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இதெல்லாம் படிக்கறது டாக்டர்கிட்ட நல்ல கேள்வியா கேக்கறதுக்குத்தான், நாமளே டோஸை கூட்டறதுக்கோ குறைக்கறதுக்கோ இல்ல. முக்கியமா முடக்குவாதத்துக்கு வழக்கமா கொடுக்கற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடறவங்க, அது வாரத்துக்கு ஒரு தடவை மட்டும்தான், தெரியாம தினமும் சாப்பிட்டு உயிரே போனவங்க இருக்காங்க, அதனால நெட்ல எதைப் படிச்சாலும் அந்த மாத்திரை சாப்பிடற முறையில கை வைக்காதீங்க.

அசல் பேப்பரைப் பிடிக்கறது

செய்தியை விட்டுட்டு அசல் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போங்க. செய்தியில கம்பெனி வெச்ச பிராண்ட் பேர் இருக்கும், அதை வெச்சுத் தேடாம மருந்தோட பொதுப் பேரை எடுத்துக்கோங்க, அடாலிமுமாப், டோஃபாசிட்டினிப், லெஃப்ளுனமைட் இப்படி. அதை வியாதி பேரோட சேர்த்து பப்மெட்ங்கற மருத்துவக் கட்டுரை தேடற வெப்சைட்ல போட்டா கட்டுரைகளோட சுருக்கம் காசில்லாம கிடைக்கும், நிறைய கட்டுரைகள் முழுசாவே இலவசமா இருக்கு. ஒரே கேள்வி மேல நடந்த பல ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்துப் பாத்து எழுதற காக்ரேன் ரிவ்யூ கிடைச்சா இன்னும் நல்லது, அதுல சாதாரண ஆளுங்களுக்குப் புரியற மாதிரி ஒரு சுருக்கமும் போடுவாங்க, சிலது தமிழ்லயும் இருக்கு.

கையில கிடைச்சது எந்த வகைன்னு அடுத்து பாருங்க. எலி மேல பண்ணதா, லேப்ல செல் மேல பண்ணதா, மனுஷங்க மேல பண்ணதான்னு சுருக்கத்தோட ரெண்டு மூணு வரியிலயே தெரிஞ்சிடும். எலியா இருந்தா அதை அங்கேயே மூடிடலாம், எலிக்கு மூட்டு வீக்கம் குறைஞ்சு மனுஷனுக்கு ஒண்ணும் நடக்காத மருந்து ஏராளம். மனுஷங்கன்னா, யாருக்கு எந்த மருந்துன்னு சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ரேண்டமா பிரிச்சாங்களா, இல்ல டாக்டர் ஏற்கனவே எழுதிக் கொடுத்ததை வெளியில இருந்து கவனிச்சாங்களா, இதுதான் பெரிய வித்தியாசம். கவனிச்சு மட்டும் எழுதற ஆராய்ச்சியில ஒரு சிக்கல் உண்டு, வியாதி முத்தினவங்களுக்குத்தான் டாக்டர் வலுவான மருந்தை எழுதுவாரு, அப்புறம் அந்த மருந்து சாப்பிட்டவங்களுக்கு நிறைய பிரச்சனை வந்துச்சுன்னு கணக்கு வரும், அது மருந்தால வந்ததா வியாதியால வந்ததான்னு பிரிக்கறது ரொம்ப கஷ்டம். அதுக்காக அந்த வகை ஆராய்ச்சி வீண்னு இல்ல, ரொம்ப அபூர்வமான சைட் எஃபெக்ட்டும் பத்து வருஷம் கழிச்சு வர்றதும் அதுல இருந்துதான் தெரிய வரும். ஆனா "எந்த மருந்து நல்லா வேலை செய்யுது"ங்கற கேள்விக்கு ரேண்டமா பிரிச்ச ட்ரையலைத்தான் தேடணும்.

எதோட ஒப்பிட்டாங்க

இந்த ஒண்ணைப் பாக்கத்தான் அதிக நேரம் செலவழிக்கணும்னு நான் சொல்லுவேன். முடக்குவாதம் ஏறி இறங்கற வியாதி. ஆளுங்க ட்ரையல்ல சேர்றது பெரும்பாலும் வலி உச்சத்துல இருக்கறப்ப, உச்சத்துல இருந்து அது தானாவே கொஞ்சம் இறங்கும், அதோட நல்லா கவனிக்கறாங்க, அடிக்கடி பாக்கறாங்க, புது மருந்துன்னு ஒரு நம்பிக்கை, எல்லாம் சேர்ந்து வெறும் மாவு மாத்திரை, அதாவது பிளாசிபோ சாப்பிட்டவங்கள்லயே நாலுல ஒருத்தருக்கு முன்னேற்றம்னு கணக்கு வர்றது இந்த ட்ரையல்கள்ல சகஜம். அப்ப மருந்து சாப்பிட்டவங்கள்ல 60 சதவீதம்னா, பிளாசிபோ பக்கம் எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் அந்த 60க்கு ஒரு அர்த்தம் வரும்.

இது மாத்திரைக்கு மட்டும் இல்ல. முழங்கால் தேய்மானத்துக்கு ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சின்ன கேமராக் குழாயை மூட்டுக்குள்ள விட்டு, மூட்டைக் கழுவி சுத்தம் பண்ற ஆபரேஷன் ஒரு காலத்துல லட்சக்கணக்கானவங்களுக்கு நடந்துச்சு, பண்ணிக்கிட்டவங்க வலி குறைஞ்சுதுன்னுதான் சொன்னாங்க. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல 180 பேரை வெச்சு பண்ண ஒரு ட்ரையல் 2002ல வெளியாச்சு, சில பேருக்கு நிஜ ஆபரேஷன், சில பேருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பிட்டாங்க, யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது, ரெண்டு வருஷம் பாத்ததுல ரெண்டு பக்கமும் வலியில வித்தியாசம் இல்ல. ஒப்பீடு இல்லாம இருந்திருந்தா அந்த ஆபரேஷன் இன்னைக்கும் அப்படியே நடந்துக்கிட்டு இருக்கும்.

பிளாசிபோவோட ஒப்பிட்டாங்கன்னா இன்னொரு கேள்வியும் கேளுங்க, நிஜ வாழ்க்கையில நமக்கு இருக்கற மாற்று பிளாசிபோவா? இல்லையே, ஏற்கனவே பத்து மருந்து இருக்கு, அதுல எதைவிட இது மேலுன்னுதானே நமக்குத் தெரியணும். இந்த மாதிரி நேருக்கு நேர் மோத விட்ட ட்ரையல் கிடைச்சா அதை விடாதீங்க. 2013ல வந்த ராகேட்னு ஒரு ட்ரையல் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதாம வியாதி அடங்காம இருந்த 353 பேர், மெத்தோட்ரெக்ஸேட்டோட சேர்த்து ஒரு பக்கத்துக்கு எட்டனர்செப்ட்ங்கற பயாலஜிக் ஊசி (உயிருள்ள செல்கள்ல தயாரிக்கற மருந்து), இன்னொரு பக்கத்துக்கு சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும், ரெண்டுமே பல வருஷமா புழக்கத்துல இருக்கற பழைய மாத்திரைங்க. 24 வாரத்துல முன்னேற்றம் இல்லாதவங்களை எதிர்ப்பக்க மருந்துக்கு மாத்தினாங்க, ரெண்டு பக்கத்துலயும் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல பேர் மாறினாங்க, 48 வாரம் முடிவுல பாத்தா பழைய மாத்திரைக் கூட்டணி ஊசியைவிட மோசம் இல்லன்னு வந்துச்சு. ஊசி வாங்க வசதி இல்லாத ஒரு குடும்பத்துக்கு இந்த ஒரு ட்ரையல் எவ்வளவு பெரிய ஆறுதல்னு யோசிச்சுப் பாருங்க.

"மோசம் இல்ல"ன்னு நிரூபிக்கற இந்த வகை ட்ரையலுக்கு நான்-இன்ஃபீரியாரிட்டி ட்ரையல்னு பேரு, பயாலஜிக் மருந்தோட மலிவான பயோசிமிலர் வடிவங்களை சோதிக்கறதும் கிட்டத்தட்ட இதே வழியிலதான், அதுல ரெண்டும் சமமான்னே பாப்பாங்க. எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் பரவாயில்லன்னு ஆரம்பத்துலயே ஒரு கோடு போட்டுக்குவாங்க, அந்தக் கோடு எங்க இருக்குன்னு, எப்படிப் பண்ணாங்கன்னு சொல்ற மெத்தட்ஸ் பகுதியில பாருங்க, ரொம்ப தாராளமா போட்டிருந்தா எந்த மருந்தும் பாஸ் ஆகிடும்.

யாரை வெச்சு பண்ணாங்க

பேப்பர்ல முதல் டேபிளைத் திறங்க. சராசரி வயசு, பெண்கள் எத்தனை பேர், வியாதி வந்து எத்தனை வருஷம், முன்னாடி என்னென்ன மருந்து சாப்பிட்டு சரியாகலை, எல்லாம் அங்க இருக்கும். வியாதி வந்து ஆறு மாசமே ஆன, மருந்தே ஆரம்பிக்காதவங்களை வெச்சு வந்த ரிசல்ட்டை பத்து வருஷமா மூணு பயாலஜிக் மாத்திப் பாத்த ஒருத்தருக்குப் பொருத்திப் பாக்கவே முடியாது, பொதுவா மருந்து முதல் தடவையிலதான் நல்லா வேலை செய்யும், ஒவ்வொண்ணா தோத்துக்கிட்டே வந்தவங்ககிட்ட சதவீதம் இறங்கும்.

டேபிளுக்கு முன்னாடி யாரைச் சேர்க்கலைன்னு ஒரு பத்தி இருக்கும், அதையும் விடாதீங்க. பெலிமுமாப்னு லூபஸுக்கு ஒரு மருந்து, 2011ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, 50 வருஷத்துக்கு மேல லூபஸுக்குன்னு புது மருந்தே வராம இருந்து வந்த ஒண்ணு, அதனால அவ்வளவு கொண்டாட்டம். ஆனா அந்த அனுமதிக்குக் காரணமான பெரிய ட்ரையல்கள்ல கிட்னி கடுமையா பாதிச்சவங்களையும் மூளை நரம்பு பாதிச்சவங்களையும் சேர்க்கலை. லூபஸ்ல உயிருக்கு ஆபத்து வர்ற முக்கியமான காரணங்கள்ல அந்த மாதிரி பாதிப்பும் ஒண்ணு. கிட்னி பாதிச்சவங்களுக்குன்னு அப்புறம் தனியா ட்ரையல் பண்ணி, பலன் இருக்குன்னு காட்டின பிறகுதான் அவங்களுக்கும் அனுமதி வந்துச்சு. அதனால நம்ம வீட்டு ஆளுக்கு இருக்கற பிரச்சனை அந்தச் சேர்க்காத லிஸ்ட்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, இருந்தா அந்த ட்ரையல் அவங்களைப் பத்தி எதுவும் சொல்லலைன்னு அர்த்தம். கர்ப்பமா இருக்கறவங்க, கிட்னி லிவர் வீக்கா இருக்கறவங்க, முன்னாடி கேன்சர் வந்தவங்க, இவங்க எல்லாம் பொதுவா வெளியில நிக்க வெச்சிடறவங்க.

எதை அளந்தாங்க

முடக்குவாத ட்ரையல்ல "முன்னேற்றம்"னு சொன்னா அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஏசிஆர்20ங்கற கணக்கு இருக்கும், அமெரிக்க ருமட்டாலஜி சங்கம் 1995ல கொண்டு வந்தது. வலிக்கற மூட்டு எண்ணிக்கை 20 சதவீதம் குறையணும், வீங்கின மூட்டு எண்ணிக்கையும் 20 சதவீதம் குறையணும், அதோட சேர்த்து நோயாளி சொல்ற வலி, நோயாளி தன் நிலைமைக்குப் போடற மார்க், டாக்டர் போடற மார்க், அன்றாட வேலை செய்யற திறன், உடம்புல இருக்கற வீக்கத்தைக் காட்டற இஎஸ்ஆர் இல்ல சிஆர்பி ரத்த டெஸ்ட், இந்த அஞ்சுல மூணாவது 20 சதவீதம் நல்லாகணும். இப்ப இதை உங்க உடம்புல வெச்சுப் பாருங்க, 20 மூட்டு வலிச்சது 16 ஆகி, மத்ததும் அதே அளவு நல்லானா இந்தக் கணக்குல நீங்க பாஸ். 16 மூட்டு இன்னும் வலிக்குது. மருந்து வேலையே செய்யலன்னு சொல்ல முடியாது, ஆனா வாழ்க்கை மாறிடுச்சுன்னும் சொல்ல முடியாது. அதனால செய்தியில ஏசிஆர்20 நம்பர் போட்டிருந்தா பேப்பர்ல ஏசிஆர்50, ஏசிஆர்70 எத்தனைன்னு தேடிப் பாருங்க, பாதிக்குப் பாதியாவது குறைஞ்சவங்க எத்தனை பேர்னு அங்கதான் தெரியும், ஏசிஆர்20ல 60ன்னு இருந்த நம்பர் ஏசிஆர்70க்குப் போறப்ப பெரும்பாலும் ரொம்பச் சின்னதா ஆகியிருக்கும்.

இன்னொண்ணு டாஸ்28. 28 மூட்டைத் தொட்டுப் பாத்து, இஎஸ்ஆரோ சிஆர்பியோ சேர்த்து ஒரு ஸ்கோர் போடுவாங்க. 5.1க்கு மேல போனா வியாதி கடுமையா இருக்குன்னு, 3.2ம் அதுக்குக் கீழயும்னா கட்டுல இருக்குன்னு, 2.6க்குக் கீழ வந்தா ரெமிஷன், அதாவது வியாதி கிட்டத்தட்ட அடங்கிடுச்சுன்னு சொல்லுவாங்க. இந்த 28ல தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் இருக்கு, கணுக்காலும் பாதமும் கிடையாது. பாதத்துலதான் உங்களுக்கு வலின்னா ஸ்கோர் நல்லா இருந்தும் நடக்க முடியாம இருக்கலாம், அதை டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லணும். அப்புறம் டோசிலிசுமாப் மாதிரி, வீக்கத்தைத் தூண்டற ஐஎல்-6ங்கற புரதத்தைத் தடுக்கற மருந்துங்க சிஆர்பியையும் இஎஸ்ஆரையும் நேரடியாவே இறக்கிடும், மூட்டு அந்த அளவுக்குக் குறையலன்னாலும் ஸ்கோர் அழகா இறங்கும். இந்த வகை மருந்தை இன்னொண்ணோட ஒப்பிட்ட பேப்பர்ல ரத்த டெஸ்ட் சேர்க்காத சிடிஏஐ ஸ்கோர் கொடுத்திருக்காங்களான்னு பாத்துக்கோங்க, அதுல 2.8ம் அதுக்குக் கீழயும்தான் ரெமிஷன்.

நம்ம கஷ்டம் எல்லாமே ஆரம்பத்துல இருந்து அளவுகோல்ல இருந்துச்சுன்னு நினைக்காதீங்க. எதை அளக்கணும்னு முடிவு பண்ற ஒமெராக்ட்ங்கற உலக அளவிலான குழு 1992ல ஆரம்பிச்சது, 2002ல நடந்த கூட்டத்துலதான் முதல்முறையா நோயாளிகளையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டாங்க, அப்ப அவங்க வலியைத் தாண்டி களைப்பைப் பத்திப் பேசினாங்க, எழுந்திரிக்கவே முடியாத அந்தக் களைப்பு எந்த ஸ்கோர்லயும் இல்லன்னு. அதுக்கப்புறம்தான் களைப்பையும் அளக்கணும்னு பரிந்துரை வந்துச்சு. அதனால பேப்பர்ல களைப்பு, வேலை செய்யற திறன் பத்தி என்ன போட்டிருக்காங்கன்னு தேடுங்க. வேலைத் திறனுக்கு ஹாக்னு ஒரு கேள்வித்தாள், 0ல இருந்து 3 வரைக்கும், 0.22 அளவு குறைஞ்சாத்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, 0.1 குறைஞ்சுதுன்னு பெருமையா எழுதியிருந்தா அது காகிதத்துல மட்டும் இருக்கற முன்னேற்றம்.

இதுல இன்னொரு சின்ன வேலை, ஆனா பண்ணிடுங்க. ட்ரையல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எதை முக்கியமா அளக்கப் போறோம்னு பொதுப் பதிவேட்டுல எழுதி வைக்கணும், கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் மாதிரி, உலக சுகாதார அமைப்பும் எல்லா நாட்டுப் பதிவேடுகளையும் ஒண்ணா தேடற வசதி வெச்சிருக்கு. பேப்பர்ல இருக்கற பதிவு நம்பரை அங்க போட்டுப் பாத்தா முதல்ல சொன்னதும் கடைசியில கொண்டாடினதும் ஒண்ணா இல்லையான்னு தெரிஞ்சிடும். மாறியிருந்தா ஏன் மாத்தினாங்கன்னு பேப்பர்ல காரணம் இருக்கணும், இல்லன்னா அந்தப் பேப்பர் மேல எனக்கு நம்பிக்கை குறைஞ்சிடும்.

நம்பரைப் பிரிச்சுப் பாக்கறது

"ஆபத்து மூணுல ஒரு பங்கு கூடுது"ன்னு படிச்சா மனசு பதறும், 100 பேருக்கு எத்தனைன்னு மாத்திப் பாத்தா அது சரியான அளவுக்கு வரும். டோஃபாசிட்டினிப் மாத்திரையை, டிஎன்எஃப்ங்கற வீக்கத்தைத் தூண்டற புரதத்தைத் தடுக்கற பயாலஜிக் ஊசிகளோட ஒப்பிட்ட பெரிய ட்ரையல் ஒண்ணு 2022 ஜனவரியில வெளியாச்சு, 4362 பேர், எல்லாருக்கும் 50 வயசோ மேலயோ, அதோட ஒரு இதய ஆபத்துக் காரணமாவது இருக்கறவங்க, சராசரியா நாலு வருஷம் பாத்தாங்க. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இதய நோயால மரணம், இதெல்லாம் சேர்த்து மாத்திரைப் பக்கம் 100க்கு 3.4 பேர், ஊசிப் பக்கம் 100க்கு 2.5 பேர். வித்தியாசம் நாலு வருஷத்துல 100 பேருக்கு ஒருத்தர்கூட முழுசா இல்ல. அதே வித்தியாசத்தைத்தான் 33 சதவீதம் அதிகம்னும் எழுதலாம், ரெண்டும் பொய் இல்ல, ஆனா முடிவெடுக்க உதவறது முதல்ல சொன்னது.

அதே ட்ரையல்ல அந்த 33 சதவீதத்துக்கு, அதாவது 1.33 மடங்குக்கு, பக்கத்துல ஒரு ரேஞ்ச் போட்டிருப்பாங்க, 0.91ல இருந்து 1.94 வரைக்கும், கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்னு சொல்றது. நிஜமான விகிதம் 0.91ஆவும் இருக்கலாம், அதாவது ஆபத்து கொஞ்சம் கம்மி, 1.94ஆவும் இருக்கலாம், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. முன்னாடியே 1.8ஐத் தாண்டக் கூடாதுன்னு கோடு போட்டிருந்தாங்க, மேல் முனை அதைத் தாண்டிடுச்சு, அதனால ஊசியைவிட மோசம் இல்லன்னு நிரூபிக்க முடியலன்னு முடிவு. பி வேல்யூவை (வித்தியாசம் தற்செயலா வந்திருக்குமான்னு பாக்க உதவற நம்பர்) மட்டும் பாத்துட்டுப் போகாம இந்த ரேஞ்சைப் பாக்கப் பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது, ரேஞ்ச் ரொம்ப அகலமா இருந்தா அந்த ஆராய்ச்சிக்கே உறுதியா தெரியலன்னு அர்த்தம். இதுல இன்னொண்ணும் கவனிங்க, 30 வயசுல இதயப் பிரச்சனை எதுவும் இல்லாதவங்க இந்த ட்ரையல்ல கிடையாது, அவங்க இந்த நம்பரை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கக் கூடாது, 65 வயசுல சிகரெட் பிடிக்கறவங்க கண்டிப்பா எடுத்துக்கணும்.

பலனுக்கும் இதே கணக்குதான். பெலிமுமாப் ட்ரையல் ஒண்ணுல பிளாசிபோ பக்கம் 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மருந்துப் பக்கம் 58. மருந்தால கூடுதலா கிடைச்சது 14. அப்ப ஏழு பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தா அதுல ஒருத்தருக்கு மருந்தால மட்டுமே கிடைக்கற பலன், மத்தவங்கள்ல சில பேர் மருந்து இல்லாமலே நல்லாகியிருப்பாங்க, சில பேருக்கு மருந்து கொடுத்தும் ஆகாது. 100ஐ அந்த வித்தியாசத்தால வகுத்தா போதும், எந்தப் பேப்பருக்கும் இதைப் போட்டுப் பாக்கலாம்.

நடுவுல விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர்னு ஒரு படம் போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் நிறைய பேர் போயிருந்தா ஏன்னு கேக்கணும். விட்டுட்டுப் போனவங்களை எல்லாம் பலன் இல்லாதவங்களா கணக்குல சேர்த்திருந்தா அது நேர்மையான, கஞ்சத்தனமான கணக்கு, அதுதான் நல்லது.

எவ்வளவு நாள் பாத்தாங்க

1948 செப்டம்பர்ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல முடக்குவாதத்தால நடக்க முடியாம கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு முதல்முறையா கார்டிசோன் ஊசி போட்டாங்க, சில நாள்ல எழுந்து நடந்துட்டாங்க. 1950லயே மேயோ டாக்டர் பிலிப் ஹெஞ்சுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. பலன் நிஜம்தான், ஆனா அதிக டோஸை மாசக்கணக்குல கொடுத்தப்பதான் எலும்பு உளுத்துப் போறது, முகம் ஊதறது, தொற்று வர்றது எல்லாம் ஒவ்வொண்ணா வெளியில வந்துச்சு. நாலு வாரம், 12 வாரம் பாத்த ட்ரையலைப் படிக்கறப்ப இதை மனசுல வெச்சுக்கோங்க, வாழ்நாள் பூரா சாப்பிட வேண்டிய மருந்துக்கு 24 வார ட்ரையல் ரொம்பச் சின்னது.

சைட் எஃபெக்ட் தேடறப்ப ஒரு எளிய கணக்கு இருக்கு. 300 பேர் இருந்த ட்ரையல்ல ஒரு பிரச்சனை ஒருத்தருக்குக்கூட வரலன்னா அது வரவே வராதுன்னு இல்ல, 100ல ஒருத்தருக்கு வரைக்கும் வரலாம். 3ஐ ஆளுங்க எண்ணிக்கையால வகுத்தா அந்த மேல் எல்லை கிடைக்கும். அதனாலதான் சில விஷயம் மருந்து கடைக்கு வந்து ஆயிரக்கணக்குல ஆளுங்க எடுத்துக்கிட்ட பிறகுதான் தெரிய வருது. இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவங்களுக்கு டிபி வர்றதை 2001ல 70 பேரோட விவரத்தை வெச்சு எழுதினாங்க, அதுக்கப்புறம்தான் இந்த ஊசிங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட் எடுக்கறது உலகம் பூரா வழக்கமாச்சு. டாக்டர் எக்ஸ்ரேயும் ரத்த டெஸ்ட்டும் கேட்டா எதுக்கு வீண் செலவுன்னு தட்டிக் கழிக்காதீங்க, அந்த 70 பேர் அனுபவத்துல இருந்து வந்த டெஸ்ட் அது.

ரோஃபெகாக்ஸிப் கதையையும் தெரிஞ்சுக்கணும், வயித்துப் புண் வராத வலி மாத்திரைன்னு வந்தது. 2000ல முடக்குவாதம் இருக்கற 8076 பேரை வெச்சு நாப்ராக்ஸனோட ஒப்பிட்டாங்க, வயித்துப் பிரச்சனை கம்மியாச்சு, ஆனா ஹார்ட் அட்டாக் 0.4 சதவீதம், நாப்ராக்ஸன் பக்கம் 0.1. பிளாசிபோ பக்கம்னு ஒண்ணு இல்லாததால நாப்ராக்ஸன் இதயத்தைக் காப்பாத்துது, அதான் இப்படித் தெரியுதுன்னு விளக்கம் சொல்ல இடம் இருந்துச்சு. அப்புறம் பிளாசிபோவோட நடந்த வேற ஒரு ட்ரையல்ல மருந்துதான் காரணம்னு தெரிஞ்சு 2004 செப்டம்பர்ல கம்பெனியே உலகம் பூரா திரும்ப எடுத்துக்கிச்சு. நாலு வருஷம். சரியான ஒப்பீடு இல்லாததோட விலை அது.

புது மருந்தே இல்லாத ஒரு ட்ரையல்

எல்லாரும் புது மருந்தைத் தேடறாங்க, என்னைக் கேட்டா முடக்குவாதக் குடும்பம் ஒவ்வொண்ணும் தெரிஞ்சுக்க வேண்டியது 2004ல ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோவுல இருந்து வந்த டிகோராங்கற ட்ரையல். 110 பேர், ரெண்டு பக்கத்துக்கும் கிடைச்சது பெரும்பாலும் அதே பழைய மருந்துங்கதான். ஒரு பக்கம் வழக்கமான கவனிப்பு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை. இன்னொரு பக்கம் மாசா மாசம் வரச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் மூட்டை எண்ணி ஸ்கோர் போட்டு, ஸ்கோர் குறிச்ச அளவுக்கு இறங்கலன்னா மருந்தைக் கூட்டியே ஆகணும், வீங்கின மூட்டுல ஊசி போட்டே ஆகணும்னு கட்டாயம். 18 மாசம் கழிச்சு ரெமிஷனுக்கு வந்தவங்க, வழக்கமான பக்கம் 16 சதவீதம், இந்தப் பக்கம் 65 சதவீதம். எந்தப் புது ஊசி ட்ரையல்லயும் இப்படி ஒரு வித்தியாசத்தை அபூர்வமாத்தான் பாக்க முடியும். ஒரு இலக்கு வெச்சுக்கிட்டு அதை எட்டற வரைக்கும் விடாம வைத்தியம் பண்ற இந்த முறைதான் இன்னைக்கு உலகம் பூரா வழிகாட்டுதல்கள்ல இருக்கு.

அதனால அடுத்த தடவை ருமட்டாலஜிஸ்ட்டை, அதாவது மூட்டுவாத டாக்டரைப் பாக்கப் போறப்ப முதல் கேள்வியே "டாக்டர், இன்னைக்கு எனக்கு ஸ்கோர் எத்தனை, நாம எதுக்குள்ள கொண்டு வரப் பாக்கறோம், எத்தனை மாசத்துல"ன்னு இருக்கட்டும். ஸ்கோரை ஒரு நோட்டுல தேதியோட எழுதிக்கோங்க. பேப்பர் எடுத்துட்டுப் போறதா இருந்தா முழுசா கொண்டு போகாம முதல் பக்கம் மட்டும் எடுத்துட்டு, அதுல உங்களுக்குப் பொருந்தற இடத்தைக் கோடு போட்டு, "இதுல இருந்தவங்களுக்கு என்னோட நிலைமைதானா, நான் இப்ப சாப்பிடறதோட ஒப்பிட்டா இது எனக்கு என்ன கூடுதலா கொடுக்கும்"னு கேளுங்க. கூட்டம் நிறைஞ்ச ஓபியில டாக்டருக்கு இருக்கற அஞ்சு நிமிஷத்துல இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும், "இந்த மருந்து நல்லதா"ங்கறதுக்கு முடியாது.

ட்ரையல்ல சேரச் சொன்னா

இப்படி ஒரு அழைப்பு வந்தா பயப்படவும் வேண்டாம், உடனே கையெழுத்து போடவும் வேண்டாம். எந்த ஃபேஸ்னு கேளுங்க, ஒண்ணாவதுன்னா பாதுகாப்பானதான்னே இப்பதான் பாக்கறாங்க, ரெண்டாவதுல எந்த டோஸ்னு தேடறாங்க, மூணாவதுல நூத்துக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஆளுங்களை வெச்சு, இருக்கற சிகிச்சையோடயோ பிளாசிபோவோடயோ ஒப்பிடறாங்க. பிளாசிபோ கிடைச்சா இப்ப சாப்பிடற மாத்திரை தொடருமா, வலி தாங்கலன்னா எந்த வாரத்துல நிஜ மருந்துக்கு மாத்துவாங்க, ட்ரையல் முடிஞ்சதும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா, ஏதாவது ஆச்சுன்னா சிகிச்சைச் செலவு யாரோடது, கர்ப்பம் தரிக்கற திட்டம் இருந்தா என்ன பண்ணணும், இதுக்கெல்லாம் சம்மதப் படிவத்துலயே பதில் இருக்கணும். ஃபார்மை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் படிக்கறேன்னு சொல்லுங்க, அதுக்கு முகம் சுளிக்கற இடமா இருந்தா யோசிங்க. எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிக்காது, அது உங்க உரிமை. கையெழுத்து போட்ட படிவத்தோட ஒரு காப்பி உங்க கைக்கு வரணும், அதுல ராத்திரியிலயும் எடுக்கற ஒரு போன் நம்பர் இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாத்து, போன்ல சேவ் பண்ணிக்கோங்க.